அவர் பட்டி போட்ட படம்

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு போட்டது பெயின்ட்தான். என் வீட்டுக்காரர் மஸ்கெலியா கடைவீதிக்குக் கீழே இருந்த ஒரு கராஜில் பஸ்களுக்கும் லொறிகளுக்கும் ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடித்தார். நான் தோட்டத்துப் பாடசாலை ஒன்றில் சித்திரம் படிப்பித்தேன். அவர் அடித்த பெயின்ட் வெயிலிலும் மழையிலும் ஹட்டன் வரைக்கும் போய் வந்தது. நான் பூசியது ஆணியில் தொங்கியது. யாருடைய வேலை பெரிது என்று அவர் என்னைச் சீண்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நானும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது பாடசாலையில் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரியும்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஏன், எதனால் என்று ஊரார் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் விட்டுவிட்டார்கள். அதனால் வீட்டில் சண்டை போடவும் சமாதானமாகவும் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் படம் செய்கிற விதத்துக்கு ஒருவகையில் அவர்தான் காரணம். கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாலை அவரைக் கூட்டிக்கொண்டு போவதற்காகக் கராஜுக்குப் போயிருந்தேன். பழைய பஸ் ஒன்றின் பக்கவாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றி சாண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே நீலம். நீலம் போன இடத்தில் சிவப்பு. சிவப்புக்குக் கீழே பச்சை, அதற்கும் கீழே எந்தக் காலத்து முதலாளியோ அடித்திருந்த வெள்ளை. நிறங்களின் ஓரங்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் எங்கே ஒன்று முடிகிறது எங்கே மற்றது தொடங்குகிறது என்று சொல்ல முடியாமல் இருந்தது. நான் குடையை மடக்கவும் மறந்து நின்றேன். இதற்கு மேல் தேய்க்காதீங்க, இப்படியே விட்டுவிடுங்க என்றேன். இப்படியே விட்டால் பஸ் முதலாளி என்னை விடமாட்டான் என்றார். அடுத்த நாள் அந்தப் பஸ் முழுக்க மஞ்சளாக ஓடியது.

அதற்குப் பிறகுதான் நான் தூரிகையைக் குறைத்தேன். கன்வஸ் துணியைப் பிளைவூட் பலகையில் ஒட்டி, அதன் மேல் ஒரு நிறம், அது காய்ந்ததும் இன்னொரு நிறம் என்று அடுக்கடுக்காகப் பூசுவேன். கடைசியில் எல்லாவற்றையும் மூடி ஒரு சாம்பல் நிறம். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கும். சுரண்டுவது, தேய்ப்பது, சில இடத்தில் நகத்தால் உரிப்பது. சுரண்டுவதற்கு அவருடைய பையிலிருந்தே ஒரு பழைய பட்டித் தகட்டை எடுத்துக்கொண்டேன். வண்டியில் விழுந்த பள்ளத்தை நிரப்புகிற பசைக்குப் பட்டி என்று பெயர். அதை இழுத்துச் சமப்படுத்துகிற தகடு, அகலமாக, நுனி மெல்லியதாக இருக்கும். நான் நினைத்த மாதிரி வேறு எந்த ஆயுதமும் வேலை செய்யவில்லை.

இந்தப் படங்களைப் பார்த்தவர்கள் கேட்ட கேள்விகளை எழுதினால் அதுவே ஒரு புத்தகம் வரும். பாடசாலை அதிபர் ஒருமுறை, டீச்சர், இது எப்போது முடியும் என்று மரியாதையாகக் கேட்டார். முடிந்துவிட்டது ஐயா என்றேன். இன்னொரு ஆசிரியை, மஸ்கெலியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும்போது வெளியே தெரியும் பழைய கோயிலைத்தானே போட்டிருக்கிறீர்கள் என்று தானே கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். இது ஒன்றும் இல்லை, வெறும் நிறம் என்று சொன்னதும் அவருக்கு முகம் வாடிவிட்டது. அதற்குப் பிறகு யார் கோயில் என்றாலும் நான் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

இதையெல்லாம் பாடசாலையின் ஒரு பழைய அறையில் செய்துகொண்டிருந்ததால் என் வீட்டுக்காரர் படங்களை முடிந்த பிறகு ஒரு பார்வை பார்த்ததோடு சரி. நான் செய்யும்போது அவர் பக்கத்தில் இருந்ததே இல்லை. அவருடைய பகல் கராஜுக்குப் போனது.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, பெயின்ட் அடிக்கிற துப்பாக்கி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழும்பவில்லை. கராஜில் இருந்தவர்கள் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாரிசவாதம் என்றார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் வாய் ஒரு பக்கம் கோணி, என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்து முடியாமல், கண்ணால் சிரிக்கப் பார்த்தார்.

பேச்சு திரும்பியது. கால் திரும்பியது, கொஞ்சம் இழுத்து நடந்தாலும் அவரே நடந்தார். வலது கை மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் கை காலுக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸ் சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை. கையில் உயிர் இருக்கிறது, ஆனால் அதை வேலைக்கு விட வேண்டும், இந்த மாதங்களில் சும்மா விட்டுவிட்டால் விரல்கள் மடங்கி அப்படியே இறுகிப்போகும் என்று சிங்களத்தில் அவரிடமே சொன்னாள். கராஜில் பழகிய சிங்களம் அவருக்கு என்னைவிட நன்றாக வரும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். பிடித்துப் பிடித்து அழுத்துவதற்கு ஒரு ரப்பர் பந்தும் அவருக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பந்தைச் சாமிப் படங்கள் இருக்கும் தட்டில் வைத்தார். பந்து விளையாடுகிற வயதா எனக்கு என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வாரம் பேசாமலும் இருந்து பார்த்தேன். கையை என் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்தேன். அப்போதெல்லாம் அது யாருடைய கையோ என்பது போல அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். மற்ற நேரத்தில் அந்தக் கை ஸ்வெட்டருக்குள் போய்விடும். இடது கையால் கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமைகளில் நான் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டும்போது பந்துக்கும் சேர்த்துத்தான் காட்ட வேண்டியிருந்தது.

எங்கள் வீடு கடைவீதிக்கு மேலே ஏற்றத்தில் இருக்கிறது. கீழே பஸ் போகிற சத்தத்தை வைத்தே அது எந்தப் பஸ், யார் பெயின்ட் அடித்தது என்று சொல்லுவார் முன்பெல்லாம். இப்போது புதிதாகப் பெயின்ட் அடித்த பஸ் ஒன்று திரும்பினால் ஜன்னலைச் சாத்திவிடுவார். அவருடைய இடத்தில் கராஜில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். அதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு அந்த மாதங்களில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. கை போனால் போகட்டும், நான் சோறு ஊட்டுவேன். கையோடு சேர்ந்து இந்த மனிதரும் போய்விடுவாரோ என்றுதான் பயந்தேன்.

அவரைத் தனியே விட மனமில்லாமல் படச் சாமான்களை எல்லாம் பாடசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பகலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துக்கொள்வார். பாடசாலை விட்டு வந்ததும் குசினிக்குப் பக்கத்து அறையில் பலகையைச் சாய்த்து வைத்து நான் வேலை செய்வேன். அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார். பார்த்தாரா, பார்க்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

அப்போதுதான் கொழும்பிலிருந்து ஒரு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். மலையகத்து ஓவியர்களின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போவதாகவும், என் படம் ஒன்று வேண்டும் என்றும் சொன்னார். இத்தனை வயதுக்கு என்னை யாரும் ஓவியர் என்று கூப்பிட்டதில்லை. டீச்சர்தான். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு நான் அடுப்பில் வைத்த பாலைப் பொங்க விட்டேன்.

அந்தப் படத்துக்காக இந்த வருஷத்து மழைக்காலம் முழுவதும் உழைத்தேன். கருநீலம், அதன் மேல் கொழுந்தில் வெயில் படுகிற மஞ்சள், அதன் மேல் செங்கல் சிவப்பு, எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல். பிறகு வாரக்கணக்கில் சுரண்டினேன். வலது பக்கம் முழுவதும் சிவப்பும் மஞ்சளும் கிழிந்து கிழிந்து தெரிய, இடது பக்கத்தில் நீலம் ஒரே ஒரு இடத்தில் மட்டும் எட்டிப் பார்த்தது. முடிந்தது என்று தோன்றிய அன்று பலகையைச் சுவர்ப் பக்கம் சாய்த்துவிட்டுத் தூங்கினேன். சனிக்கிழமை காலை பஸ்ஸில் அதைக் கொழும்புக்கு அனுப்புவதாக ஏற்பாடு. கொண்டக்டர் எங்களுக்குத் தெரிந்தவர், பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை பாடசாலையில் தவணைப் பரீட்சை. மழையில் நனைந்துகொண்டு வீட்டுப் படி ஏறும்போதே பட்டியின் வாடை மூக்கில் ஏறியது. கராஜிலிருந்து யாரோ அவரைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷமாகத்தான் உள்ளே போனேன்.

முதலில் பலகைதான் கண்ணில் பட்டது. நான் சுரண்டிய பள்ளம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பட்டி போட்டு நிரப்பி, இழுத்துச் சமப்படுத்தி, அதன் மேல் ஒரு பூச்சு பச்சை அடித்திருந்தது. கராஜில் மிஞ்சியது என்று எப்போதோ வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த பஸ் பச்சை. என் மழைக்காலம் முழுவதும் அதற்குக் கீழே இருந்தது. குடை கையிலிருந்து எங்கே போனது என்று தெரியவில்லை. என்னா செஞ்சு வச்சிருக்கீங்க என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். வாய்க்கு வந்ததை எல்லாம் கொட்டுவதற்குத் தயாராகத் திரும்பினேன்.

அவர் மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். வலது கை ஸ்வெட்டருக்குள் இல்லை. மடியில் இருந்தது. பட்டித் தகட்டை உள்ளங்கையில் வைத்து, நான் பெயின்ட் துடைக்கிற பழைய சேலைக் கிழிசலால் கையையும் தகட்டையும் சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். இடது கையாலும் பல்லாலும் கட்டியிருக்க வேண்டும். கிழிசலில் எச்சில் ஈரமும் பட்டியும் ஒட்டிக்கிடந்தன. விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன.

"சொரண்டி முடிச்ச கையோட அப்படியே விட்டுட்ட. ஒனக்குப் பரீட்ச வேலைல நேரமே இல்ல," என்றார். "நாளைக்குக் கொழும்புக்குப் போற சாமான். சொரண்டின மேனிக்கே அனுப்பினா நம்மள பத்தி என்னா நெனப்பாங்க? அதான் பட்டி போட்டு, ஒரு கோட் அடிச்சி வச்சேன். இடது கைக்குத் தகடு சரியா நிக்கல."

கராஜில் சுரண்டுவது என்பது பாதி வேலை. சுரண்டிய வண்டியை யாரும் ரோட்டில் விடமாட்டார்கள். வாரக்கணக்கில் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். பார்த்து, இவள் பழைய பெயின்டை எடுத்துத் தயார் பண்ணுகிறாள், இனிமேல்தான் படம் வரைவாள் என்று காத்திருந்திருக்கிறார். நாள் நெருங்கியும் நான் வரையவில்லை என்றதும் எனக்காகப் பதறியிருக்கிறார். பதறி, அந்தக் கையை எடுத்திருக்கிறார்.

"இத அவுத்து விடு. எனக்கு வரல," என்று கையை நீட்டினார். நீட்டியது அவர். நான் தூக்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தேன். உள்ளங்கையில் தகட்டின் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன்.

"வலிக்குது," என்றார். சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் தன் கையைப் பார்த்தார். "நல்லா வலிக்குது."

அத்தனை மாதமாக அந்தக் கை எதையும் உணர்ந்ததாக அவர் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். படம் நல்லா வந்திருக்கா என்று கேட்டார். பஸ் கதவு மாதிரி பளபளவென்று இருக்கிறது என்றேன். அவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு இல்லை. அன்று சோற்றை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

பொழுது சாய்ந்ததும் தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின்பக்கம், குசினிச் சுவரோரமாகப் போனேன். கொழும்பு அம்மாவிடம் என் படம் வராது என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். முடிந்த படம்தான், வீட்டில் தெரியாமல் மேலே பூசிவிட்டார்கள் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. யார் மேலும் கோபம் இல்லை. படம் போய்விட்டது, அது வலித்தது. கை அசைந்துவிட்டது, அது சந்தோஷம். இரண்டும் ஒரே நாளில் வந்தால் ஒரு மனுஷி எதற்கென்று அழுவது? முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

காலையில் கர் கர் என்ற சத்தத்தில் கண் விழித்தேன். எலி என்று நினைத்தேன். எழுந்து பார்த்தால் அவர் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். அவருடைய கராஜ் பையில் கிடந்த அந்தப் பட்டி டின் எந்தக் காலத்தில் திறந்ததோ, எங்கள் ஊர்க் குளிரில் விடிந்தும் அது முழுதாக இறுகியிருக்கவில்லை. அதை அவர் சுரண்டிக்கொண்டிருந்தார். இடது கை பலகையைப் பிடித்திருந்தது. வலது கையில் தகடு. கிழிசல் எதுவும் கட்டவில்லை. நான்கு விரலும் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம், நடுங்கிக்கொண்டு, ஆனால் பிடித்துக்கொண்டு.

நான் கதவிலேயே நின்றுவிட்டேன்.

"போன்ல சொன்னது கேட்டிச்சு," என்றார் திரும்பாமலே. "முடிஞ்ச படத்தயா நான் கெடுத்தேன்?"

ஆமாம் என்றேன். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, நான் என்ன பச்சைப் பிள்ளையா, கை போனால் மூளையும் போய்விடுமா என்று பொரிந்தார். நான் வாங்கிக்கட்டிக்கொண்டேன். அந்தத் திட்டைக் கேட்டு எவ்வளவு காலமாகியிருந்தது! நோய் வந்ததிலிருந்து அவர் என்னைத் திட்டியதே இல்லை, எனக்கு அதுதான் பெரிய குறையாக இருந்தது.

"பூசினவனே எடுக்கிறேன்," என்றார். "எங்க நிறுத்தணும்னு மட்டும் நீ சொல்லு. டீச்சரே, நாங்க சொரண்டுறது பூசுறதுக்கு. நீங்க பூசுறதே சொரண்டுறதுக்கா? மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

நான் வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தகடு அவர் கையிலிருந்து விழும். எடுத்துக் கொடுக்க என் உடம்பு துடிக்கும். உள்ளங்கை இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். அவர் குனிந்து, அந்தக் கையாலேயே தடவித் தடவி எடுத்து, மறுபடியும் தொடங்குவார். பச்சை சுருள் சுருளாகத் தரையில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் நான் கையைப் பார்ப்பதை விட்டுப் பலகையைப் பார்க்கத் தொடங்கினேன். பட்டியோடு சேர்ந்து என் சிவப்பும் ஆங்காங்கே உரிந்து வந்துவிட்டது. என் கை ஒரே சீராக இழுக்கும், அது எனக்கு எப்போதும் ஒரு குறை. அவர் கை நடுங்கியதால் ஒவ்வொரு கோடும் தொடங்கி, தயங்கி, விட்டு, மறுபடி பிடித்துப் போயிருந்தது. பள்ளங்களில் மட்டும் பச்சை தங்கி நிற்க, அதைச் சுற்றி மஞ்சள் கசிந்தது. இடது பக்கத்து நீலம் நான் ஒருபோதும் துணிந்திருக்காத அளவுக்கு அகலமாகத் திறந்துவிட்டது. நான் செய்த எந்தப் படமும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

இந்த வேலையில் பூசுவது யாருக்கும் வரும், சுரண்டுவதும் பழகினால் வரும். நிறுத்துவதுதான் வேலை. ஒரு இழுப்பு கூடிவிட்டால் போனது திரும்பாது. எத்தனையோ பலகையைக் கெடுத்துத்தான் எனக்கு அது பிடிபட்டது. அந்தக் காலையில் நிறுத்த வேண்டிய இடம் வந்தபோது எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பஸ்ஸுக்கும் நேரம் இருந்தது. கொழும்பு அம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுத்தால் போதும்.

அவர் கை பாதியில் நின்றது. நெற்றி வியர்த்திருந்தது. கட்டைவிரல் தகட்டை அழுத்திய அழுத்தத்தில் நகம் வெளுத்திருந்தது.

"போதுமா?" என்றார்.

போதும் என்றால் தகட்டைக் கீழே வைத்துவிடுவார். கையைத் துடைத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்காருவார். கை திரும்பவும் ஸ்வெட்டருக்குள் போகும். நாளைக்கு அதை எதைச் சொல்லி நான் வெளியே கூப்பிடுவேன்?

"இன்னுங் கொஞ்சம்," என்றேன்.

அவர் சுரண்டினார். நல்ல இடம்தான் முதலில் போனது. நீலம் போய்க் கன்வஸின் வெள்ளை எட்டிப் பார்த்தது. கீழே கடைவீதியில் கொழும்பு பஸ் ஹோர்ன் அடித்துப் புறப்பட்டது. அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விரல்களை ஒருமுறை விரித்து மடக்கி, தகட்டைச் சரியாகப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, இப்போது போதுமா என்று கேட்டார்.

"இன்னுங் கொஞ்சம்ங்க," என்றேன்.